மூக்கோடு நின்ற படம்

லூர்து அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. காலையில் ஸ்டூடியோவின் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியவர் அக்காவின் அண்ணன் சவரிமுத்து. அவர் எங்கள் ஸ்டூடியோவுக்குப் போன் எடுத்து வருடக்கணக்காகிறது.

"தம்பி, லூர்து செத்துட்டா. நேத்து ஆஸ்பத்திரியில. பேனருக்குப் படம் ஒண்ணு வேணும். இன்னைக்குப் பின்னேரம் பெட்டி தூக்குறோம்."

அவர், "சிரிச்ச மாதிரி இருந்தா நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இறந்தது நேற்று. ஒரே ஸ்டூடியோக் கூரையின் கீழ் அவரோடு பாதி ஆயுளை ஓட்டியவனுக்குச் சொன்னது இன்று, அதுவும் படம் தேவைப்பட்டதால். ஹட்டன் பஸ் நிலையச் சுவரில் ஒட்டும் நோட்டீசைப் பார்த்து நான் தெரிந்துகொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் அந்த நோட்டீசை எழுத வேண்டியவனும் நான்தான். எழுதுகிறவனுக்கு யார் செத்தது என்று யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

என் பிழைப்பு அது. ஸ்டூடியோவின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து மரண அறிவித்தல் எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன். பெண்சாதியை அடித்தே காலம் கழித்தவரை "பாசமிகு கணவர்" என்று எழுதியிருக்கிறேன். பெற்ற தாயை லயத்துக் கோடிக்குத் தள்ளி வைத்தவர்கள் "ஆறாத் துயரில் வாடும் பிள்ளைகள்" ஆகியிருக்கிறார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. லூர்து அக்காவைப் பற்றி அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் அன்பே உருவானவர் என்று யாராவது எங்காவது எழுதியிருந்தால் அவர்களுக்கு அவரைத் தெரியாது. அவருக்குப் பொல்லாத வாய். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத தேயிலைத் தோட்டம் திம்புள்ளப் பக்கத்தில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் பிறந்ததும் அந்தப் பக்கத்து லயம் ஒன்றில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில்தான். அம்மா கொழுந்து பறித்தார். ஒரே ஒரு அண்ணன். பள்ளிக்கூடம் முடித்ததும் எங்கள் ஸ்டூடியோவுக்குப் போட்டோ வெட்டி ஒட்டும் வேலைக்கு வந்தார். அப்போது முதலாளியின் தகப்பனார் இருந்தார். முதல் கம்பியூட்டர் வந்தபோது கடையில் யாரும் அதைத் தொடப் பயந்தார்கள். அக்கா மேல்மாடிக் கேபினில் அதன் முன் உட்கார்ந்தார். பிறகு எழும்பவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் செய்த வேலையை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு பெரியவர் இறந்தால் பிள்ளைகள் முதலில் ஓடி வருவது ஸ்டூடியோவுக்கு. அடையாள அட்டையில் இருக்கும் படத்தைப் பேனர் அளவுக்குப் பெரிதாக்கினால் மூக்கு ஒரு கறையாகத் தெரியும். கையில் வேறு படம் இருக்காது. ஆனால் அந்தப் பெரியவர் என்றைக்கோ யாருடைய கல்யாணத்திலோ, பூப்புனித நீராட்டு விழாவிலோ ஒரு மூலையில் நின்றிருப்பார். அந்த விழாவை எடுத்தது எங்கள் ஸ்டூடியோ. பழைய நெகடிவ்கள் எல்லாவற்றையும் அக்கா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, தோட்டம் தோட்டமாகப் பிரித்து, மேல்மாடிக் கம்பியூட்டரில் வைத்திருந்தார். "எங்கப்பா, பெரிய கங்காணி மக கல்யாணத்துல, பந்தக்காலுக்குப் பக்கத்துல" என்று வந்தவர் சொன்னால் போதும். முகத்தைத் தேடி எடுத்து, கூட்டத்திலிருந்து வெட்டி, கோட்டு மாட்டி, பின்னால் நீல வானம் போட்டுத் தருவார். அந்தப் படம் தோட்டத்துச் சந்தியில் பேனராக நிற்கும். சட்டம் போட்ட படம் பெட்டிக்கு முன்னால் போகும். படம் வராமல் பெட்டி தூக்கினால் ஊர் அதைத் தலைமுறைக்கும் சொல்லிக்காட்டும்.

அக்காவுக்கு ஒரு கொள்கை இருந்தது. "உடுப்ப மாத்துவேன். மூஞ்சிய மாத்த மாட்டேன்." கிழிந்த சட்டையில் நின்றவருக்குக் கோட்டு போடுவார், வெறுங்கழுத்தில் நின்ற அம்மாவுக்குச் சங்கிலி போடுவார். கன்னத்துப் பள்ளத்தை நிரப்பச் சொன்னால் மட்டும் கும்பிட்டு வெளியே போகச் சொல்லுவார். கும்பிடு அவ்வளவு மரியாதையாக இருக்காது.

இனி அந்த வயரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசியில் எல்லாம் அந்த வயரில்தான் போய் முடிந்தது.

மேல்மாடியில் இருந்தது கிழட்டுக் கம்பியூட்டர். கீழே என் மேசையில் இருந்தது அதைவிடக் கொஞ்சம் புதுசு. முகம் மேலே இருந்து கீழே வந்தால்தான் நான் நோட்டீசில் வைக்கவும் பேனர் கடைக்கு அனுப்பவும் முடியும். ஆரம்பத்தில் மேலே இருந்ததில் ஒரு நெட்வேர்க் கார்ட் இருந்தது. ஒரு மழைக்கால மின்னலில் அது கருகிப்போனது. யூஎஸ்பி துளைகள் மலைப் பனியில் துருப்பிடித்துவிட்டன. பிரின்டருக்கான அகலப் போர்ட் ஒன்று இருந்தது, ஆனால் அந்தக் கேபிள் படிக்கட்டுத் தூரத்துக்கு எட்டாது. மிச்சம் இருந்தது சீரியல் போர்ட், ஒன்பது ஊசி உள்ள சின்னத் துளை. அதிலிருந்து அக்கா ஒரு வயரை இழுத்து, படிக்கட்டுக் கைப்பிடியில் கட்டி, டியூப் லைட்டைச் சுற்றி, என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

அந்தப் போர்ட்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத்தான் போகும். அதன் வேகத்தை நாமே குறிக்கலாம். செக்கனுக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு பிட் என்று வைத்தால் ஒரு பெரிய படம் வந்து சேர ஒரு காலைப்பொழுது போய்விடும். ஒரு லட்சத்துப் பதினையாயிரம் என்று வைத்தால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வந்துவிடும், வந்தால். நீளமான வயர், பழைய சில்லு, பக்கத்தில் டியூப் லைட். வேகத்தைக் கூட்டினால் வழியில் எழுத்துகள் சிந்தும். அக்கா ஒன்பதாயிரத்து அறுநூறில் வைத்துவிட்டு, அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

முதலாளி ஒருமுறை கொழும்புக்குப் போய் நல்ல தடித்த வயர் ஒன்று வாங்கி வந்தார். இனிமேல் பறக்கும் என்று கடைக்காரன் சொன்னானாம். மாட்டிப் பார்த்தால் அதே வேகம்.

"வயரு புதுசுங்க மொதலாளி. ஓட்ட பழசு" என்றார் அக்கா. "ஒத்தையடிப் பாதையில கொழுந்துக் கூடையோட பொம்பளைங்க எறங்கி வாறாங்கன்னு வைங்க. கீழ ரோட்ட அகலமா போட்டுட்டா அவங்க ஓடி வந்துருவாங்களா?"

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. செலவழித்த மனிதருக்குச் செலவழித்ததன் பயன் கண்ணில் தெரிய வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. இளகிய மனசுக்காரர், வாசலில் யாராவது அழுதால் தானும் அழுதுவிடுவார். அந்த இளகிய மனசுதான் எங்களுக்கு இரண்டு தடவை வினையாக வந்தது.

முதல் தடவை இறம்பொடைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் இறந்து, பெட்டி வீட்டில் காத்திருந்தது. மகன்மார் வாசலில் நின்று அழுதார்கள். அன்று அக்கா பூசைக்குப் போயிருந்தார். முதலாளி பொறுக்க முடியாமல் மேலே போய் வேகத்தைக் கூட்டினார். படம் மேலிருந்து கீழாக வரி வரியாக வரும். நெற்றி வந்தது, கண் வந்தது, மீசை வந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வெறும் சதுரம். வயர் சிந்திவிட்டது. மகன்மார் அதையே பிரின்ட் எடுத்துக்கொண்டு போய், சாம்பல் தெரியாமல் பெரிய மாலையாகப் போட்டு மறைத்தார்கள்.

அக்கா திரும்பி வந்து, முகத்தை முழுதாக அனுப்பி, பெரிதாக ஒரு படம் செய்து வைத்தார். எட்டாம் நாள் மகன் ஒருவர் நன்றி சொல்ல வந்தார்.

"அப்பா படம் அன்னைக்கே கெடச்சிருச்சுங்க. உங்க மொதலாளி தெய்வம்" என்றார்.

"கெடச்சுதா? மீசைக்குக் கீழ எங்க போனாரு?"

அவர் விழித்தார்.

"செத்தவரு அவசரப்படல. நீங்க ஏன்யா அவசரப்பட்டீங்க? அர மூஞ்சிய வெச்சு அழுறதுக்கு வெறுஞ்சுவத்தப் பாத்து அழுதிருக்கலாமே."

அந்த மனிதர் முழுப்படத்தை வாங்காமலேயே போய்விட்டார். அது கடையில் கொஞ்ச காலம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அக்கா செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அப்பனைப் பறிகொடுத்தவனிடம் பேசும் பேச்சா அது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் கடையில் பாதி முகம் வெளியே போகவில்லை. நேரத்துக்கு வரவில்லை என்றால் வரவில்லைதான். ஆட்கள் திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்கு முகம் முழுதாக வந்தது. சாவு வீட்டுக்காரர்கள் பெட்டி தூக்குகிற நேரத்தையே "லூர்து படம் அனுப்புனதும்" என்று குறிக்கத் தொடங்கினார்கள்.

பிறகு அக்காவின் அம்மா இறந்தார்.

அம்மாவின் படம் அக்காவிடம் இருந்தது, ஒரு கோயில் திருவிழாவில் எடுத்தது. நெற்றியில் கூடைக்கயிறு அழுத்திய தழும்பு, இறுகிப்போன வாய். சவரிமுத்து அண்ணன் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். முகம் வரி வரியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. வாய் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது என்ன, யாரோடயோ சண்ட போட்ட மாதிரி இருக்காங்க. ஆளுங்க வந்து பாக்குறது. கொஞ்சம் சிரிக்க வைய்யி லூர்து. ஒனக்கு முடியும்ல?"

அக்கா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். அன்று அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் வழக்கம் போலவே இருந்தது.

"உசிரோட இருந்தப்ப சிரிக்க வெச்சியா?"

கடையில் ஆட்கள் இருந்தார்கள். தோட்டத்து ஆட்கள், தெரிந்த ஆட்கள். அண்ணன் எழும்பி வெளியே போனார். படத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு, பைப்பில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட ஒருவர் போன பிறகுதான் மற்றவர் வருவார்.

ஒரு நாள் நான் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, அவரும் அம்மாவப் பறிகொடுத்தவருதானே. அத்தன பேருக்கு முன்னால அப்புடிச் சொல்லியிருக்க வேண்டியதில்ல."

"தெரியும்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வருத்தம் அதுதான். அண்ணனிடம் போய் அதைச் சொல்ல அவருக்குக் கால் வரவில்லை.

போன வருடம் அந்தக் கிழட்டுக் கம்பியூட்டர் உறுமத் தொடங்கியது. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் தேய்ந்துவிட்டது. நிறுத்தினால் மறுபடி சுழலாது, அசைத்தாலும் நின்றுவிடும் என்று அக்கா சொன்னார். கழற்றிக் கண்டிக்குக் கொண்டுபோகலாம் என்று முதலாளி சொன்னதற்கு, "வழியிலயே செத்துரும், நீங்க போய் மரண அறிவித்தல்தான் போடணும்" என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கிற முகங்களை எல்லாம் அந்தச் சின்னத் துளை வழியாகக் கீழே இறக்கிவிடுவது என்று முடிவு செய்தார். கரண்ட் போனால் தாங்குவதற்கு இரண்டு பற்றரிகளை வைத்தார். தோட்டம் தோட்டமாக, டிவிஷன் டிவிஷனாக முகங்கள் இறங்கின. அவர் மேலே இருந்து பெயரைச் சொல்வார், நான் கீழே வந்து சேர்ந்ததும் குரல் கொடுப்பேன். உயிரோடு இருப்பவர்களின் முகங்கள்தான் அதிகம். இனிமேல் சாகப் போகிறவர்கள் என்று அக்கா சொல்லுவார். என் முகத்தை இறக்கிய அன்று, "ஒனக்கு வந்திருச்சு, இனிப் பயமில்லாமச் சாவலாம்" என்றார்.

தன் தோட்டத்தை மட்டும் கடைசிக்கு வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"எங்க ஆளுங்கள மொதல்ல அனுப்பிட்டா மத்தவங்களுக்கு அனுப்ப எனக்கு மனசு வருமா? அலுப்பு வந்துரும்."

தன்னைத் தெரிந்தவர் சொன்ன பேச்சு அது. வேறு யாராக இருந்தாலும் தன் ஆட்களைத்தான் முதலில் இறக்கியிருப்பார்கள். மற்றத் தோட்டங்கள் எல்லாம் முடிந்து, அவருடைய தோட்டத்தைத் தொடங்குவதற்கு முன் வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

நான் பார்க்கப் போனேன். அவர் உடம்பில் பாதிதான் மிச்சமிருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அவர் அதைக் கவனித்துவிட்டு, "அழுறதா இருந்தா வெளிய போய் அழுதிட்டு வா" என்றார். பிறகு தலையணையை நிமிர்த்தச் சொல்லிவிட்டுச் சொன்னார்:

"என் படம் ஒண்ணு மேல இருக்கு. எங்க தோட்டத்துப் படங்களோட. நீலச் சீல. நானே எடுத்தது."

எனக்குத் தெரியும். யாராவது போனைத் தூக்கினால் முகத்தைக் கையால் மறைத்துக்கொள்பவர் அவர். புதுக் கேமரா வந்த அன்று அதைச் சோதிக்கத் தன்னையே ஒரு தடவை எடுத்துக்கொண்டார். நேராகப் பார்க்கும் முகம், அம்மாவின் அதே இறுகிய வாய்.

"அதத்தான் போடணும். வேற எதையும் போட்டுறாதீங்க. வேகத்தத் தொடாத. பாதி வந்தா போடாத, தம்பி. படமே இல்லாமப் போனாலும் பரவாயில்ல."

"இப்ப ஏன்க்கா சாவப் பத்திப் பேசுறீங்க?"

"சாவப் பத்தி யாரு பேசுனா? படத்தப் பத்திப் பேசுறேன்."

அவரிடம் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. அதற்கடுத்த வாரம்தான் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

இரும்புக் கதவைத் திறந்ததும் நான் நேராக மேலே போனேன். கம்பியூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய கம்பளிச் சால்வை நாற்காலியில் கிடந்தது. நீலச் சீலைப் படத்தைத் தேடி எடுத்து, ஒன்பதாயிரத்து அறுநூறில் அனுப்பிவிட்டுக் கீழே வந்தேன். மத்தியானத்துக்கு வந்துவிடும். பேனர் கடை ரவியிடம் சொல்லி வைத்தேன். ரவி நல்ல வேலைக்காரர், தயார் என்றார். பின்னேரப் பெட்டிக்குச் சரியாகப் போய்விடும் என்று கணக்குப் பார்த்தேன். எனக்குத் துக்கத்தைவிட அந்தக் கணக்குத்தான் அப்போது பெரிதாக இருந்தது. இந்த ஒரு முகத்தை முழுதாகச் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முந்தானை வந்தது... இல்லை, முதலில் நீல வானம் வந்தது. பிறகு வகிடு, பிறகு நரைத்த முன்முடி. அப்போது முதலாளி வந்தார். செய்தி கேட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். உண்மையான அழுகை. அவருடைய கல்யாணப் படத்தை வெட்டி ஒட்டியதே அக்காதான்.

மறுபடி போன். அண்ணன்.

"தம்பி, மழ இருட்டிக்கிட்டு வருது. பாதர் சீக்கிரமே வாறாராம். மத்தியானமே தூக்கிருவோம். படம் என்னாச்சு?"

"வந்துக்கிட்டு இருக்குதுங்க. கொஞ்சம் பொறுங்க."

"செத்தும் எங்கள நிக்க வெச்சுப் பாக்குறா" என்றார் அவர். பிறகு நோட்டீசில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். "என்றும் புன்னகை மாறாத" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டுமாம். நான் அதற்கு மறுப்புச் சொல்ல, அவர் குரலை உயர்த்த, நான் வாசலுக்குப் போய் நின்று பேசினேன். திரும்பி வந்தபோது என் திரையில் படம் நின்றிருந்தது. முதலாளி கீழே இல்லை.

படியில் ஏறும்போதே அவர் குரல் கேட்டது. "பயப்படாதீங்க, இப்ப வந்துரும். வேகத்தக் கூட்டி மறுபடி அனுப்பியிருக்கேன். அக்கா படம் இல்லாமப் போகக் கூடாது."

இதை அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நான் கழுத்தைப் பிடித்திருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விம்மிக்கொண்டு செய்தார். நான் கீழே ஓடினேன். முகம் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. இறம்பொடைக் குடும்பம் வந்த நாளுக்குப் பிறகு அந்தப் போர்ட் அந்த வேகத்தில் ஓடி நான் பார்த்ததேயில்லை. வானம், வகிடு, நெற்றி. கண்கள் என்னை நேராகப் பார்த்தன. மூக்கு வந்தது. மூக்கு நுனியில் நின்றது. கீழே சாம்பல்.

மேலே உறுமல் சத்தம் நின்றிருந்தது. முதலாளி பதறிக் கம்பியூட்டரை நிறுத்தி மறுபடி போட்டிருந்தார். நிறுத்தக் கூடாது என்று அவருக்கும் தெரியும். டிஸ்க் சுழலவில்லை. இரண்டு தடவை டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அக்காவின் வாய் அதற்குள் இருக்கிறது. அவருடைய தோட்டத்து முகங்கள் முழுவதும் அதற்குள் இருக்கின்றன. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கும் அத்தனை பேரும், இனிச் சாகப் போகிறவர்கள் எல்லாரும். மேல்மாடித் திரையைப் போனிலாவது படம் பிடித்து வைத்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். அந்தப் பழைய கண்ணாடித் திரையைப் போனில் எடுத்தால் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழும், முகம் கம்பிக்குப் பின்னால் நிற்பது போல் இருக்கும். அதையாவது எடுத்திருக்கலாம் என்று இப்போது நானும் நினைக்கிறேன்.

ரவி போன் எடுத்தார். என் குரலைக் கேட்டுவிட்டு நேரில் வந்தார். திரையைப் பார்த்தார்.

"இதுக்கா யோசிக்கிறீங்க? போன்ல ஒரு ஆப் இருக்கு. இல்லாத பகுதிய அதுவே போட்டுக்கும்."

"வேணாம் ரவி. பாதி வந்தா போட வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"அக்காதான்."

ரவி முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். அவர் கண்களில் அப்படி ஒரு கெஞ்சல். செய்த பிழைக்கு ஒரு மருந்து கிடைத்துவிட்டதென்ற நிம்மதியும் அதில் இருந்தது. "அவங்க அண்ணன் முடிவு செய்யட்டும்" என்றார். ரவி அங்கேயே நின்று போனில் அண்ணனிடம் கேட்டார். பதில் எனக்கும் கேட்டது.

"போடச் சொல்லுங்க. சிரிச்ச மாதிரி."

அக்காவின் கண்ணையும் மூக்கையும் இறக்க எங்கள் வயருக்கு அவ்வளவு பாடு. ரவியின் போன் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு வாயைச் செய்துவிட்டது. அழகான வாய். உதட்டில் லேசான சிவப்பு, உள்ளே வரிசையான பல். அக்காவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. கன்னத்தில் ஒரு குழியும் விழுந்திருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. சந்தியில் பேனர் கட்டியிருந்தார்கள். சவரிமுத்து அண்ணன் சட்டம் போட்ட படத்தை வாங்கிப் பார்த்தார். அந்த மனிதர் நேற்றிலிருந்து அழவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அழுதார். உடைந்துபோய் அழுதார்.

"இப்பத்தான்... இப்பத்தான் என் தங்கச்சி மாதிரி இருக்கா."

அவர் தங்கையைப் பழிவாங்கினார் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், எனக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் அது நடிப்பு இல்லை. சின்ன வயதில் அந்தப் பெண் அவரைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும். எப்படியோ அவருக்கு வேண்டிய தங்கை அவருக்குக் கிடைத்துவிட்டார். அந்தத் தங்கை அத்தனை பேருக்கு முன்னால் எதுவும் கேட்க மாட்டார்.

வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "லூர்துதானா?" என்று ஒரு கிழவி கேட்டாள். "லூர்துதான், கண்ணப் பாரு" என்றாள் இன்னொருத்தி. "கண்ணு அவதான்" என்று முதலாமவள் ஒப்புக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. பாதர் சுருக்கமாக முடித்தார். அவருடைய பிரசங்கத்திலும் புன்னகை வந்தது. என் நோட்டீசில் இருந்துதான் எடுத்திருப்பார். ஆம், கடைசியில் அந்த வரியை எழுதினேன். எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள், எழுத்துப் பிழையோடு.

அடக்கம் முடிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, அக்காவின் தோட்டத்தில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். மகள் ஓடி வந்து என் மேசைக்கு முன் நின்றாள். "லூர்தக்காகிட்ட இருக்குதுங்க, தேர்த் திருவிழாப் படம், வலதுபக்கம்" என்றாள். முதலாளி எழும்பி உள்ளே போய்விட்டார். நான் அந்தப் பெண்ணிடம் இல்லையென்று சொன்னேன். அவள் நம்பவில்லை. படியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ரவியின் கடைக்குப் போனாள். அடையாள அட்டையை வைத்து அவளுடைய அப்பாவுக்கும் ஒரு சிரிப்புச் செய்துகொடுத்தார்களாம்.

இந்தக் கட்டுரையைக் கேட்ட பத்திரிகைக்காரர்கள் ஒரு படமும் கேட்டார்கள். நினைவஞ்சலி என்றால் மேலே படம் இருப்பதுதான் வழக்கம். ரவியிடமிருந்து அந்தச் சிரிக்கும் படம் அவர்களுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. அது வேண்டாம் என்றேன். அப்படியானால் உங்களிடம் இருப்பதை அனுப்புங்கள் என்றார்கள். என்னிடம் மூக்கு வரையில் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கீழே சாம்பலாகக் கிடக்கும் இடத்தை நான் கண்ணால் நிரப்பிக்கொள்ள முடியும், அந்த இறுகிய வாயையும் அதற்குள் இல்லாத அந்தப் பல்லையும் சேர்த்து. உங்களால் முடியாது.

அதனால் மேலே படம் இல்லை. படத்துக்கான வெறும் கட்டத்தை மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். அக்கா, பாதியை அனுப்பவில்லை. போய் வாருங்கள்.